ஹாட்டகாம் ஏற்றத்துக்குப் பிறகு: பொகாச்சாரைச் சந்தேகப்படலாமா?

18 ஜூலை 2025, மாலை (வாசகர் கேள்வி)

நேற்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஹாட்டகாம் மலை ஏற்றத்தில் பொகாச்சார் தன் முக்கியப் போட்டியாளர் விங்கெகார்டை இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளிவிட்டார். இன்று மலை டைம் ட்ரையலிலும் (ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு ஓட்டுவது) அவரே ஜெயித்தார். ஏழு டூர் பட்டங்களை வென்று, ஊக்கமருந்தால் அத்தனையும் இழந்த ஆம்ஸ்ட்ராங் காலத்தில் இதே காட்சியைப் பார்த்தோம். அவரும் ஒரு டெஸ்டிலும் சிக்கவில்லை. அத்தனைக்கும் பிறகு இதை நம்பிப் பார்க்கிறவர்களுக்கு நினைவு என்று ஒன்று இருக்கிறதா?

18 ஜூலை, இரவு 10.20

இருக்கிறது. நான் ஆம்ஸ்ட்ராங்கை ஏழு வருடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவன், அதனால் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியவில்லை.

ஹாட்டகாம் ஏறத்தாழ 13 கி.மீ. நீளமுள்ள ஏற்றம். அந்த மலைக்கென்று ஒரு வரலாறு உண்டு. 1996-ல் பியார்னே ரீஸ் அங்கே மற்றவர்களின் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் மோட்டார் வைத்தவர் போலக் கிளம்பிப் போனார். அந்த வருடப் பட்டமும் அவருக்கே. 2007-ல் அவரே ஊடகத்தை அழைத்து, அந்தப் பட்டத்தை இபிஓ என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்து போட்டுத்தான் வென்றேன் என்று சொன்னார். 2000-ல் ஆம்ஸ்ட்ராங் அந்த வருடத்தின் மஞ்சள் சட்டையை, அதாவது மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான சட்டையை, இதே மலையில் போட்டார். 2008-ல் இங்கே முதலாவதாக வந்த லெயோனார்டோ பியேபோலி சில மாதத்திலேயே இபிஓவின் புது வகையான செராவில் சிக்கினார். ஆக, அந்த மலையில் ஒருவர் தனியாகப் பறக்கும்போது வயிற்றில் ஏதோ புரள்வது நியாயம்தான்.

ஆனால் புரள்வது வேறு, தெரிவது வேறு. பொகாச்சார் மேல் இன்று வரை ஒரு பாசிட்டிவ் டெஸ்டும் இல்லை, ஒரு வழக்கும் இல்லை. நம் கையில் இருப்பது கடிகாரம் மட்டும்.

18 ஜூலை, இரவு 11.05

ஒரு திருத்தம். கேள்வியில் "ஆம்ஸ்ட்ராங் ஒரு டெஸ்டிலும் சிக்கவில்லை" என்றிருக்கிறது, நானும் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிட்டேன். அது சரியில்லை. 1999 டூரிலேயே அவர் சிறுநீரில் தடை செய்யப்பட்ட கார்டிகோஸ்டீராய்ட் இருந்தது. சீட்டில் உட்கார்ந்து வந்த புண்ணுக்குத் தடவிய களிம்பு என்று ஒரு மருந்துச் சீட்டைக் காட்டினார்கள், விஷயம் அமுங்கிவிட்டது. அந்தச் சீட்டு பின்தேதியிட்டு எழுதப்பட்டது என்று அணியின் மசாஜ் பணியாளர் எம்மா ஓ'ரைலி பிற்பாடு சொன்னார். அதுபோக, 1999-ல் எடுத்து உறையவைத்த மாதிரிகளை பிரெஞ்சு ஆய்வகம் ஆராய்ச்சிக்காகத் திரும்பச் சோதித்தபோது இபிஓ தெரிந்தது. அவற்றில் ஆறு ஆம்ஸ்ட்ராங்குடையவை என்று 2005 ஆகஸ்டில் லெகிப் நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது.

"ஐந்நூறு டெஸ்ட், ஒன்றில்கூட இல்லை" என்ற வாக்கியம் அவராகவே பரப்பியது. அதை நானும் எத்தனை பேரிடம் ஒப்பித்திருக்கிறேன்.

19 ஜூலை, காலை

தூக்கம் வரவில்லை. சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று புரியாது.

2004 தொடக்கத்தில் அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். கீமோ ஆரம்பித்த மூன்றாவது சுற்றில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே போனது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகவே இரண்டு இடத்தில் நிற்பார். மருத்துவர் வாரம் ஒரு ஊசி எழுதினார். அதன் பெயர் எரித்ரோபோயட்டின். ஆமாம், இபிஓதான். சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கிற ஹார்மோன் அது, எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்பி சிவப்பணுக்களைச் செய்ய வைக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதால் ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் அணைத்தபடி கொண்டுவருவேன். ஐந்தாறு வாரத்தில் அப்பா ஒரு மாடி ஏறினார். அந்த நாள் வீட்டில் எல்லோருக்கும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதே வருடம்தான் ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளை விற்ற மஞ்சள் ரப்பர் கைப்பட்டை வந்தது. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. விதைப்பையில் தொடங்கி நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய நோயிலிருந்து எழுந்து வந்து ஒருவன் உலகத்தின் கடினமான பந்தயத்தை வரிசையாக ஜெயிக்கிறான். அப்பாவின் கட்டிலை டிவி பக்கம் திருப்பிப் போட்டு ஜூலை முழுக்கப் பார்த்தோம்.

18-வது நாள் பந்தயத்தில் ஃபிலிப்போ சிமியோனி என்ற இத்தாலியர் முன்னே போன ஒரு சிறு குழுவைப் பிடிக்கக் கிளம்பினார். மொத்த நேரத்தில் எங்கோ பின்னால் இருந்தவர், பட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள் சட்டையில் இருந்த ஆம்ஸ்ட்ராங் தானே துரத்திப்போய் அவர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டார். சிமியோனி திரும்பினால்தான் நானும் திரும்புவேன் என்றார். முன்குழுவில் இருந்தவர்கள் கெஞ்ச, சிமியோனி பின்வாங்கினார். திரும்பும்போது ஆம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து உதட்டில் ஜிப் இழுப்பது போல சைகை காட்டினார். நான் கைதட்டினேன்.

என் நெருங்கிய நண்பன் ஒருவன் பக்கத்தில் இருந்தான். "இத்தனை நிமிடம் கையில் வைத்திருப்பவன் இவனை ஏன்டா துரத்தணும்?" என்று மட்டும் கேட்டான். சிமியோனி, ஊக்கமருந்து வழக்கில் டாக்டர் மிக்கேலே ஃபெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். ஃபெராரி ஆம்ஸ்ட்ராங்கின் ஆலோசகர். நண்பனுக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. அப்பா படுத்திருக்கிற அறையில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று கத்தினேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அதன்பிறகு பத்து வருடத்துக்கு மேல் எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை.

19 ஜூலை, மதியம்

"எல்லோருமே போட்டார்கள், அப்படியானால் களம் சமம்தானே?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இது ரொம்ப நாளாக என்னையும் தேற்றிய வாதம். உடலியல் தெரிந்தபோது உடைந்தது.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஹெமடோக்ரிட். 1997-ல் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பந்தயத்தில் இறங்கக்கூடாது என்று விதி வந்தது. அன்றைக்கு இபிஓவைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் கிடையாது, அதனால் இப்படி ஒரு உச்சவரம்பு. இயல்பாகவே 48 உள்ளவருக்கு ஏற இடமே இல்லை. 41 உள்ளவர் மருந்தால் 49.5 வரை ஏறலாம். பரிசு யாருக்கு? நல்ல உடல் உள்ளவருக்கா, மருந்துக்கு நன்றாக இசைகிற உடல் உள்ளவருக்கா? அதோடு யாருடைய மருத்துவர் கெட்டிக்காரர், யாரிடம் பணம் அதிகம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சமம் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

எப்படித் தப்பித்தார்கள் என்பதும் ஆம்ஸ்ட்ராங்கின் அணித் தோழர்கள் பிற்பாடு கொடுத்த சாட்சியங்களில் இருக்கிறது. சிறு அளவு இபிஓவை இரவில் நேராக நரம்பில் ஏற்றினால் காலைக்குள் தடயம் மங்கிவிடும். சோதனையாளர் வந்துவிட்டால் சலைன் ஏற்றி ரத்தத்தை நீர்க்க வைப்பது. 1998 உலகப் போட்டியின்போது ஒரு சலைன் பையை மழைக்கோட்டுக்குள் மறைத்து சோதனையாளரைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். இபிஓ டெஸ்ட் வரப்போகிறது என்றதும் சொந்த ரத்தத்துக்கு மாறினார்கள். 2000 டூருக்கு முன் வலென்சியாவுக்குப் பறந்து போய் ரத்தம் எடுத்து, போட்டி நடுவே வான்டூ மலைக்கு முன்னால் திரும்ப ஏற்றிக்கொண்டதை அணித் தோழர் டைலர் ஹாமில்டன் விவரித்திருக்கிறார். அவரவர் ரத்தத்தை அவரவர் ஏற்றிக்கொண்டால் நேரடியாகக் காட்டித் தரும் டெஸ்ட் கிடையாது.

அப்பாவுக்காக மடியில் வைத்துக் கொண்டுவந்த ஐஸ் பெட்டி நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதே மருந்து.

20 ஜூலை

சரி, கடிகாரம் ஆதாரமில்லை, டெஸ்டும் முழு ஆதாரமில்லை என்றால் எதைப் பார்ப்பது? என் பதில்: வாயைத் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

கிறிஸ்தோஃப் பாசோன்ஸ். 1998-ல் ஃபெஸ்டினா அணியின் வண்டி எல்லையில் மருந்துகளோடு பிடிபட்டு அணியே வெளியேற்றப்பட்டபோது, சிக்கிய வீரர்களே "பாசோன்ஸ் மட்டும் போடாதவர்" என்று போலீசிடம் சொன்னார்கள். அடுத்த வருட டூரில் ஒரு நாளிதழுக்குப் பத்தி எழுதினார், இந்த வேகம் இயல்பில்லை என்றார். ஆல்ப் டுவேஸ் மலைக்குப் போகும் நாளில் ஆம்ஸ்ட்ராங் அவர் பக்கத்தில் வந்து, உன்னைப் போன்றவர் இந்தத் தொழிலை விட்டுப் போகலாம் என்ற பொருளில் பேசினார். கூட்டத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. இரண்டு நாளில் அவர் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். யோசித்துப் பார்த்தால், ஃபெஸ்டினாவுக்குப் பிறகு "புதுப்பித்தலின் டூர்" என்று விளம்பரப்படுத்தப்பட்ட பந்தயத்திலிருந்து, போடாதவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைத் துரத்திவிட்டார்கள்.

எம்மா ஓ'ரைலியை ஆம்ஸ்ட்ராங் கேவலமான வார்த்தையில் பேசினார், வழக்கும் போட்டார். பெட்சி ஆண்ட்ரூ 1996-ல் மருத்துவமனை அறையில், தான் எடுத்த மருந்துகளின் பெயர்களை ஆம்ஸ்ட்ராங் மருத்துவரிடம் சொல்லக் கேட்டதாகச் சத்தியப் பிரமாணத்தில் சொன்னார். அவரைப் பொறாமைக்காரி, கிறுக்கு என்றார்கள். மூன்று முறை டூர் வென்ற கிரெக் லெமாண்ட், ஃபெராரியோடு இவருக்கு என்ன வேலை என்று 2001-ல் கேட்டார். அவர் பெயரில் விற்ற சைக்கிள் வியாபாரமே நசிந்துபோனது.

இந்த நால்வரும் சொன்னதற்கு ஆதாரமாக 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ஆவணத்தை வெளியிட்டது. 26 பேர் சாட்சி, அதில் 11 பேர் ஆம்ஸ்ட்ராங்கின் பழைய அணித் தோழர்கள். 1998 ஆகஸ்ட் முதலான எல்லா வெற்றியும் போனது. அவரைப் பிடித்தது ஆய்வகம் இல்லை. மனிதர்கள் பேசினார்கள்.

20 ஜூலை, இரவு

மாலையில் நடந்துகொண்டே யோசித்தேன். காலையில் எழுதியது பாதிதான் சரி.

ஆம்ஸ்ட்ராங்கின் பெரிய போட்டியாளர் யான் உல்ரிச் யாரையும் மிரட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1998-ல் டூர் வென்ற இத்தாலியர் பந்தானியை மக்கள் குழந்தையைப் போலக் கொண்டாடினார்கள். இருவருடைய 1998 மாதிரிகளிலும் இபிஓ இருந்ததென்று 2013-ல் பிரெஞ்சு செனட் அறிக்கை சொன்னது. அப்படியானால் மிரட்டாதவர் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. மிரட்டுகிறவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்பது வரைதான் அந்த அளவுகோல் வரும்.

பந்தானி பற்றி எழுதினால் கை நிற்கிறது. 1999-ல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தை முடிக்க ஒரே ஒரு மலைநாள் பாக்கி, காலை ரத்தச் சோதனையில் 52 சதவீதம் என்று வெளியே அனுப்பினார்கள். அதிலிருந்து அவர் மீளவே இல்லை. 2004 பிப்ரவரி 14-ல் ரிமினியில் ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார், வயது 34. தப்பு செய்தவர்தான். ஆனால் அந்தக் காலத்தின் தப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டியதும் தப்பு.

21 ஜூலை (ஓய்வு நாள்)

நான்கு முறை டூர் வென்ற கிறிஸ் ஃப்ரூம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், "அவரும் தப்பித்தவர்தானே" என்று. இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. எனக்கு ஆஸ்துமா. இருபது வருடமாக சால்புட்டமால் இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கிறது.

2017-ல் ஸ்பெயினின் வுவெல்ட்டா பந்தயத்தில் ஃப்ரூமின் சிறுநீரில் இந்த மருந்து மில்லிக்கு 2000 நானோகிராம் இருந்தது, வரம்பு 1000. ஆனால் இந்த மருந்தில் விதி கட்டுப்படுத்துவது எடுத்துக்கொள்ளும் அளவை. 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி, சாதாரண இன்ஹேலரில் அது 16 உறிஞ்சல். சிறுநீரில் எவ்வளவு வரும் என்பது உடலில் நீர் வற்றியிருப்பது முதல் பலவற்றைப் பொறுத்தது. இழைப்பு மோசமான நாளில் நானே எட்டு, பத்து எடுத்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. 2018 ஜூலை 2-ல் வழக்கை முடித்து அவரை விடுவித்தார்கள்.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. இதே மருந்துக்காக அலெசாண்ட்ரோ பெடாக்கி 2007 ஜிரோ மாதிரியால் தடை வாங்கினார். ஃப்ரூமுக்கு நிபுணர்களையும் வழக்கறிஞர்களையும் வைத்து வாதாட வசதி இருந்தது. ஃப்ரூம் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. பெடாக்கிக்கும் அந்த வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. 2015 டூரில் ஒரு பார்வையாளர் ஃப்ரூம் மேல் சிறுநீரை வீசினார். அப்போது அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. நம் சந்தேகம் கோப்பையில் சிறுநீராக மாறுகிற இடம் ஒன்று இருக்கிறது, பேசும்போது அது நினைவிருக்கட்டும்.

22 ஜூலை, இரவு

வான்டூ முடிந்தது. ஜெயித்தது பிரெஞ்சுக்காரர் வாலண்டின் பாரே-பாந்த்ர். அந்த முகத்தைப் பார்த்து வெகு நாளுக்குப் பிறகு சந்தேகமே எழாமல் சந்தோஷப்பட்டேன். அந்த மலையில்தான் 1967 ஜூலை 13-ல் டாம் சிம்ப்சன் என்ற வீரர் ஆம்ஃபெடமின் ஊக்கமருந்தும் வெயிலுமாக விழுந்து இறந்தார். நினைவுக்கல் வழியிலேயே இருக்கிறது.

இனி பொகாச்சார். கேள்வி அவரைப் பற்றியது, நான் நான்கு நாளாக வேறு எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவை: 2024-ல் பிளாட்டோ டி பெய்ல் ஏற்றத்தை பந்தானியின் 1998 நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் குறைத்து ஏறினார். பந்தானி இபிஓவோடு ஏறிய நேரம் அது. ஒரே வருடத்தில் ஜிரோவும் டூரும் வென்றார், கடைசியாக அதைச் செய்தவரும் பந்தானிதான். அவர் அணியை நடத்தும் மௌரோ ஜியானெட்டி, 2008-ல் ஹாட்டகாமில் பியேபோலி ஜெயித்த சோனியே டுவால் அணியின் மேலாளராக இருந்தவர்.

மறுபக்கம்: முன்பு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது 90, 120 வரை வயிறு தாங்கப் பழக்குகிறார்கள். நீண்ட ஏற்றத்தின் கடைசியில் கால் காலியாவது இதனால் பெரிதும் குறைந்தது. அகலமான டயர், காற்றைக் கிழிக்கிற உடை, ஒவ்வொரு மிதிக்கும் வாட் கணக்கு. பிளாட்டோ டி பெய்ல் நாளில் விங்கெகார்டின் அணி மலையடியிலிருந்தே வேகத்தை ஏற்றிக் கொடுத்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதற்குக்கூட ஏற்ற நேரம் மாறும். முக்கியமாக, அன்று இரண்டாவதாக வந்த விங்கெகார்டும் பந்தானியைவிட வேகமாகத்தான் ஏறினார். ஒருவர் மட்டும் பறந்த கதை இல்லை அது.

ஜியானெட்டி விஷயத்தை நான் சும்மா விடவும் மாட்டேன், அதையே தீர்ப்பாக்கவும் மாட்டேன். பழைய மேலாளரின் கணக்கை, அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தவர் தலையில் எழுத முடியாது. அணிகள் கார்பன் மோனாக்சைடு கருவியைப் பயன்படுத்துவது 2024-ல் வெளியே வந்தது. ஹீமோகுளோபினின் மொத்த அளவைத் தெரிந்துகொள்ள ஒருமுறை உறிஞ்சுவது என்றார்கள். திரும்பத் திரும்ப உறிஞ்சினால் அதுவே சிவப்பணுக்களைக் கூட்டக்கூடும் என்ற பயம் வந்து, 2025 பிப்ரவரியில் சர்வதேச சைக்கிள் சங்கம் அப்படி உறிஞ்சுவதைத் தடை செய்தது. இந்தத் தடவை விதி கொஞ்சம் முந்திக்கொண்டது என்பதே எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுகிறது. இபிஓவுக்கு டெஸ்ட் வர பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

23 ஜூலை

"1999 முதல் 2005 வரை டூர் வெற்றியாளர் பட்டியலில் ஏன் யார் பெயரும் இல்லை?" இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கப் போனால் அவரும் ஏதாவது ஒரு வழக்கில் இருந்தார் என்பதால். அந்த ஏழு வருடம் மேடையேறிய 21 இடங்களில் 20 இடங்கள் ஊக்கமருந்தோடு தொடர்புள்ளவர்களுடையது என்று அதே அமெரிக்க அமைப்பு கணக்கிட்டது. காலியாக விட்டது நல்லது. அந்த வெற்றிடத்தில் பாசோன்ஸ் போன்றவர்களும் அடக்கம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

24 ஜூலை

அப்பாவைப் பற்றி விசாரித்தவர்களுக்கு: நலமாக இருக்கிறார். 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் டிவியில் "ஆமாம், ஆமாம்" என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டதை இருவரும் சேர்ந்து பார்த்தோம். நான் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அப்பா கழற்றவில்லை. "எனக்கு அந்த ஊசி ஒரு மாடி ஏறத் தேவைப்பட்டது. அவனுக்கு எதுக்குடா?" என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். என்னிடம் இல்லை.

28 ஜூலை

டூர் முடிந்தது, பொகாச்சாருக்கு நான்காவது பட்டம்.

நேற்று இரவு அந்த நண்பனை அழைத்தேன். 2004-ல் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதை எப்போதோ மறந்துவிட்டதாகச் சொன்னான். நம்பவில்லை, ஆனால் நன்றியாக இருந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் ஹாட்டகாமைப் பற்றியே பேசினோம்.

எனக்கு ஆச்சரியம், அவன் பொகாச்சாரை நம்புகிறான். அன்று சந்தேகப்பட்டவன் நம்புகிறான், நம்பிய நான் தடுமாறுகிறேன். ஏன் என்று கேட்டேன். "அன்னைக்கு நான் வேகத்தைப் பார்த்துச் சந்தேகப்படலடா. சிமியோனி திரும்பிப் போனதைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன். இவன் விஷயத்துல அப்படித் திரும்பிப் போன ஆளு யாருன்னு சொல்லு, நானும் மாறிக்கிறேன்" என்றான். உல்ரிச்சைச் சொன்னேன், 20-ம் தேதி இரவு எழுதியதையே. கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுவும் சரிதான்" என்றான்.

மாதிரிகளைப் பத்து வருடம் வரை வைத்திருந்து புது முறையில் திரும்பச் சோதிக்க விதி இடம் தருகிறது. இந்த ஜூலையின் மாதிரிகளுக்கு 2035 வரை நேரம். அடுத்த ஜூலையில் மலைநாட்களைச் சேர்ந்து பார்க்க வருகிறேன் என்றான். அப்பாவிடம் சொன்னேன், நாற்காலியை எங்கே போடுவது என்று இப்போதே கேட்கிறார்.